பழைய ஷிராஸ் பாட்டிலைத் திறக்கும் முன்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரம் போனால் பரோஸ்ஸா பள்ளத்தாக்கு. அங்கே ஒரு ஒயின் ஆலையை ஒட்டிய சுவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். 'செல்லார் டோர்' என்று இங்கே எல்லோரும் சொல்லும் இடம். வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கொடுத்து, எந்தத் தோட்டத்துத் திராட்சை, எப்படிச் சுவைப்பது, வாங்கிப் போனால் எப்படி வைப்பது என்று சொல்வது என் வேலை. நம்மவர்களும் இப்போது நிறையப் பேர் குடும்பத்தோடு வருகிறார்கள். ஷிராஸ் என்கிற கருந்திராட்சையில் செய்யும் சிவப்பு ஒயினைச் சுவைத்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதை எத்தனை வருஷம் வச்சிருக்கலாம்?"

ஒயின் பழசாகப் பழசாக நன்றாகும் என்ற நம்பிக்கை எப்படியோ எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. கடை அலமாரியில் இருக்கும் ஷிராஸ்களில் பெரும்பாலானவை வாங்கிய மூன்று, ஐந்து வருடங்களுக்குள் குடிப்பதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றைப் பத்து வருடம் வைத்தால் பழவாசம் போய்விடும், அந்த இடத்தில் வேறெதுவும் வராது. வைக்கத் தகுந்த பாட்டில்கள் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலும் பல, வைத்த இடம் சரியில்லாததால் கெட்டுப்போகின்றன. எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம்.

ஒருமுறை ஒருவர் 2010ஆம் ஆண்டு பரோஸ்ஸா ஷிராஸ் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். மகன் பிறந்த வருடத்து ஒயின். இங்கே 2010 நல்ல வருடம், வைக்கத் தகுந்த ஒயின்தான். "பொக்கிஷமா வச்சிருந்தேன் தம்பி, நீங்களே திறந்து கொடுங்க" என்றார். மேலே சுற்றியிருந்த உறையை அறுத்ததுமே, தக்கை பாட்டில் வாயைவிடக் கொஞ்சம் மேலே எழுந்து நிற்பது தெரிந்தது. தக்கையின் பக்கவாட்டில் ஒயின் கறை மேல்வரை ஏறியிருந்தது. ஊற்றினால் நிறம் காப்பிப் பழுப்பு. அடுப்பில் அதிக நேரம் கிண்டிய ஜாமின் வாசனை, பின்னாலேயே லேசான புளிப்புக் காடி நெடி. "எங்கண்ணா வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன். சமையலறையில், ஃப்ரிட்ஜுக்கு மேலே இருக்கும் அலமாரியில் என்றார். பத்திரமாகத்தான் வைத்திருந்தார். ஆனால் ஒரு வீட்டில் ஒயினுக்கு ஆகவே ஆகாத இடம் அதுதான். ஃப்ரிட்ஜின் மோட்டார் சூடு கீழிருந்து ஏறிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் அடுப்பு வேறு.

ஒயினுக்கு எதிரி வயது இல்லை, வெப்பம். அதைவிடவும் மோசம், வெப்பம் ஏறி இறங்குவது. சூடேறும்போது உள்ளே இருக்கும் திரவம் விரிந்து தக்கையைத் தள்ளும். குளிரும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இது நடந்தால் சில வருடங்களில் ஒயின் காற்றுப்பட்டுக் கெட்டுவிடும். 2019 ஜனவரி 24 அன்று அடிலெய்டில் 46.6 டிகிரி செல்சியஸ் பதிவானது. அப்படிப்பட்ட நாட்களில் நல்ல பாட்டில்களை வாங்கிக் கார் டிக்கியில் போட்டுவிட்டு, இன்னும் நாலு இடம் சுற்றிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மூடிய டிக்கிக்குள் வெளியைவிடச் சூடு அதிகம். ஒரே மதியத்தில் வேலை முடிந்துவிடும். கோடையில் வருவதானால் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் காரில் போட்டு வாருங்கள், இல்லாவிட்டால் பாட்டிலை ஆட்கள் உட்காரும் பகுதியில் ஏசிக் காற்றில் வைத்துக் கொண்டுபோங்கள்.

வீட்டில் 12 முதல் 15 டிகிரிக்குள், அதிகம் ஏறி இறங்காமல் இருந்தால் நல்லது. ஒயினுக்கென்று குளிர்பெட்டி எல்லோரிடமும் இருக்காது. அப்படியானால் வீட்டின் நடுவே, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியின் கீழ்த்தட்டைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் வெயில் வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும்தான் அடிக்கும், அதனால் தெற்குப் பக்கத்து அறை கொஞ்சம் குளுமையாக இருக்கும். வெளிச்சம் படக்கூடாது. தக்கை போட்ட பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும், அப்போதுதான் தக்கை காயாது. திருகுமூடி போட்டதை எப்படி வைத்தாலும் சரி. திருகுமூடி என்றால் மட்டமான ஒயின் என்று நினைக்க வேண்டாம். அதற்குள்ளும் ஷிராஸ் நிதானமாக முதிரும், தக்கையால் வரும் கோளாறும் இருக்காது. ஊருக்குப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய், சென்னையில் ஷோகேஸில் நிறுத்திவைக்கிறவர்களிடம் நான் சொல்வது: ஊர் போய்ச் சேர்ந்த மாதமே திறந்துவிடுங்கள்.

சரி, எந்த ஷிராஸ் வைக்கத் தகுந்தது? பழச்சாரம் அடர்த்தியாக, டானின் என்கிற துவர்ப்பு நிறைய, அதோடு புளிப்பும் தூக்கலாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் மட்டும் போதாது. வாய் நிறைய ஜாம் மாதிரி இனித்து, புளிப்பே இல்லாமல் போகும் ஷிராஸ் இளமையில்தான் அழகு. பரோஸ்ஸாவின் பலமே பழைய கொடிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபிலோக்செரா என்னும் வேர்ப்பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் வரவில்லை. அதனால் 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள்கூட இங்கே இன்னும் காய்க்கின்றன. 2009இல் கொண்டுவந்த பழங்கொடிச் சாசனத்தின்படி 35 வயது தாண்டினால் பழங்கொடி, 70 தாண்டினால் தப்பிப் பிழைத்தது, 100க்கு மேல் நூற்றாண்டுக் கொடி, 125க்கு மேல் மூதாதைக் கொடி. மூதாதைக் கொடியின் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தால் முறுக்கிக்கொண்டு, பட்டை உரிந்து, ஒரு ஆளின் தொடை அளவு இருக்கும். அதில் கிடைக்கும் பழம் குறைவு, சாரம் அதிகம்.

இளமையில் இருக்கும் சுவையை மட்டும் வைத்து ஒரு ஒயினை எடைபோடக்கூடாது என்பதற்கு இந்த ஊரிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தில் ஒயின் செய்துகொண்டிருந்த மாக்ஸ் ஷூபர்ட் 1950இல் ஐரோப்பா போனார். பிரான்சின் போர்டோவில் நாற்பது, ஐம்பது வருடப் பழைய ஒயின்கள் இன்னும் உயிரோடு இருப்பதைச் சுவைத்துப் பார்த்தார். அப்படியொன்றை ஆஸ்திரேலியாவில் ஷிராஸை வைத்தே செய்ய வேண்டும் என்று 1951இல் முதல் முயற்சியாக கிரேஞ்ச் ஒயினைச் செய்தார். புது அமெரிக்க ஓக் பீப்பாய், தூக்கலான துவர்ப்பு. சில வருடங்கள் கழித்து நிறுவனத்தின் மேலிடத்தாரும் ஒயின் தெரிந்தவர்களும் சுவைத்துப் பார்த்தார்கள், யாருக்கும் பிடிக்கவில்லை. 1957 அறுவடைக்கு முன் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. ஷூபர்ட் நிறுத்தவில்லை. 57, 58, 59 என மூன்று வருடமும் புதுப் பீப்பாய்க்குப் பணமில்லாமலே மறைவாகச் செய்து ஒளித்துவைத்தார். அதற்குள் முதல் வருடங்களின் ஒயின்கள் பாட்டிலில் முதிர்ந்துவிட்டன. மறுபடி சுவைத்தவர்கள் மனம் மாறினார்கள், 1960இல் மறுபடி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. யாருக்கும் பிடிக்காமல் போன அதே ஒயின்தான், நடுவில் போனது காலம் மட்டும்.

அந்தக் காலத்தில் பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்பதை, ஒரே ஆலையின் இரண்டு ஷிராஸைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நன்றாகப் புரியும். எங்கள் கூடத்தில் அப்படித்தான் ஊற்றிக் காட்டுவேன், ஆளுக்கு 30 மில்லி. வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். இரண்டு வயது ஷிராஸ் விளிம்புவரை கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும், அடியில் எழுத்து தெரியாது. பத்துப் பன்னிரண்டு வருடமான ஷிராஸ் நடுவில் சிவப்பாகவும், விளிம்பில் செங்கல் நிறமாகவும் வெளிறியிருக்கும். திராட்சைத் தோலிலிருந்து வந்த நிறப்பொருளும் டானினும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய மூலக்கூறுகளாகி, ஒரு பகுதி அடியில் வண்டலாகப் படிவதால் வரும் மாற்றம் இது. நாக்கைப் பிடித்து இழுத்த துவர்ப்பு வழுவழுப்பாக மாறுவதற்கும் இதில் பங்குண்டு.

அப்புறம் வாசனை. இளம் ஷிராஸில் நாவல்பழம், பிளம், அதிமதுரம். பீப்பாயிலிருந்து கிராம்பும், அமெரிக்க ஓக் என்றால் தேங்காய் வாசனையும் வரும். சிலவற்றில் அப்போதுதான் இடித்த மிளகின் வாசம் எழும்பும். மிளகில் இருக்கும் அதே ரோட்டன்டோன் என்ற பொருள்தான் இதற்குக் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் வெளியிட்டார்கள். பரோஸ்ஸா மாதிரி வெயில் பூமியில் இது குறைவு, விக்டோரியாவின் கிராம்பியன்ஸ் மாதிரி குளிர்ந்த இடங்களில் அதிகம். அந்த ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை கொஞ்சம்கூடத் தெரியவில்லை. அதனால் பக்கத்தில் நிற்பவர் "மிளகு, மிளகு" என்று மகிழும்போது உங்களுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் கூச்சப்பட வேண்டாம். உங்கள் மூக்கு அப்படி, அவ்வளவுதான்.

முதிர்ந்த ஷிராஸில் பழம் பின்னுக்குப் போய்விடும். காய்ந்த அத்திப்பழம், தோல், புகையிலை, ஈர மண், காளான் எல்லாம் முன்னே வரும். இனிப்பான பழத்தை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றம்தான். "என்னங்க, சப்புன்னு இருக்கு" என்று முகம் சுளித்தவர்களை, ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி ஒரு சின்ன வாய் எடுக்கச் சொல்வேன். வாயில் வைத்துக் கொஞ்சம் காற்றை இழுத்து, விழுங்கியோ துப்பியோ ஆன பிறகு எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று கவனியுங்கள். நல்ல பழைய ஷிராஸின் பெருமை அந்த நீளத்தில் இருக்கிறது. சிலருக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அதில் தப்பே இல்லை. இளமையில் பிடித்தால் இளமையிலேயே குடியுங்கள், வருடக்கணக்கில் காக்க வேண்டிய அவசியமே இல்லை.

பழைய பாட்டிலைத் திறக்கிறீர்கள் என்றால் இரண்டு நாள் முன்பே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். தக்கை நொறுங்கிப்போக வாய்ப்பு அதிகம். அதனால் திருகாணியைவிட, தக்கையின் இருபக்கமும் நுழையும் இரண்டு மெல்லிய தகடு கொண்ட திறப்பான் நல்லது. டிகான்டர் என்கிற கண்ணாடிக் குடுவையில் ஊற்றும்போது பாட்டில் கழுத்துக்குக் கீழே போன் வெளிச்சம் வைத்துக்கொண்டு, கலங்கல் கழுத்துக்கு வரும்போது நிறுத்திவிடுங்கள். இளம் ஷிராஸை ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விடலாம். பழையதை அப்படி விட்டால் விருந்தாளி வருவதற்குள் வாசனை போயிருக்கும், ஊற்றியவுடன் குடிக்க வேண்டும். 16 முதல் 18 டிகிரிதான் சரியான சூடு. அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய கல் வீடுகளுக்குப் பொருந்தும். நம் வீட்டில் 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். அந்தச் சூட்டுக்கு இறங்கும்வரை ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள்.

நனைந்த அட்டைப்பெட்டி வாசனை அடித்தால் அது வயதின் குணம் இல்லை. தக்கை வழியாக வரும் டிசிஏ என்ற பொருளின் வேலை. உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் பழவாசத்தை மொத்தமாக அமுக்கிவிடும். "பழைய ஒயின் இப்படித்தான் இருக்கும் போல" என்று சமாதானப்பட்டுக் குடிக்காதீர்கள். மறுபடி மூடி, வாங்கிய இடத்துக்கு எடுத்துப்போய்ச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் மாற்றித் தருவார்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும் சொல்கிறேன். வற்றல் மிளகாய்க் காரமும் கனமான ஷிராஸும் சேராது, காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி இளம் ஷிராஸுக்கு அருமையாகப் பொருந்தும். முதிர்ந்ததற்கு மசாலா குறைத்த வறுவலோ காளானோ போதும்.

இன்னொன்றை எல்லோரிடமும் கட்டாயம் சொல்வேன். பழசானால் ஷிராஸ் வழுவழுப்பாகும், ஆனால் ஆல்கஹால் கொஞ்சமும் குறையாது. 14.5 சதவீத ஷிராஸ் ஒரு பாட்டிலில் ஆஸ்திரேலியக் கணக்குப்படி சுமார் 8.6 ஸ்டாண்டர்ட் டிரிங்க் (ஒன்றுக்கு 10 கிராம் ஆல்கஹால்) இருக்கிறது. லேபிளின் பின்பக்கம் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள். வீட்டில் ஊற்றும் 150 மில்லி கிளாஸ் ஒன்றே 1.7 ஆகிவிடும். ஆரோக்கியமானவர்கள் வாரத்துக்குப் பத்துக்கும் ஒரு நாளுக்கு நான்குக்கும் மேல் போகக்கூடாது என்பது இங்கத்திய தேசிய வழிகாட்டுதல். ஆபத்தே இல்லாத அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நெஞ்சுக்கு நல்லது என்று யாராவது ஊற்றிக் கொடுத்தால் நம்பாதீர்கள். காரோட்டி வருகிறவர்களுக்குத் துப்பும் வாளியை நானே நகர்த்தி வைப்பேன். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் துப்பித்தான் சுவைக்கிறோம். சுவையும் வாசனையும் வாயிலும் மூக்கிலும்தான் இருக்கின்றன, விழுங்கினால் கூடுதலாக எதுவும் தெரியப்போவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரி, ஒரு நல்ல பாட்டில் வாங்கி வைக்கிறேன்" என்பவர்களிடம் ஒன்று வேண்டாம், ஆறு வாங்குங்கள் என்பேன். விலை உயர்ந்த ஒரு பாட்டிலைவிட, கொஞ்சம் விலை குறைந்த, வைக்கத் தகுந்த ஷிராஸில் ஆறு. முதல் பாட்டிலை வாங்கிய வருடமே திறந்து, நிறமும் வாசனையும் துவர்ப்பும் எப்படி என்று நாலு வரி எழுதி வையுங்கள். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒன்று. மூன்றாவது முதலிரண்டைவிட நன்றாக இருந்தால் மீதியை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். நான்காவதில் பழம் மங்கி, வாயில் ஆல்கஹால் தனியாக நிற்கத் தொடங்கியிருந்தால், மிச்சமிருக்கும் இரண்டையும் அந்த வருடமே நண்பர்களைக் கூப்பிட்டுத் திறந்துவிடுங்கள்.