திட்டிவிட்டு ஸ்மைலி போட்டால் திட்டு இல்லையென்று ஆகிவிடுமா?

தமிழ்நாடு-ஆந்திர எல்லையில், கும்மிடிப்பூண்டி முதல் தடா, ஸ்ரீசிட்டி வரை ஆலைகளில் பாதி வேலைப்பேச்சு வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. லைன் லீடர் தமிழ், ஆபரேட்டர் தெலுங்கு, அடுத்த ஸ்டேஷனில் ஒடிசாக்காரர். ஒருவர் எழுத்து இன்னொருவருக்கு வாசிக்க வராது. அதனால் எமோஜியே பொதுமொழி ஆகிவிட்டது. அதில் தப்பில்லை. ஆனால் மனிதவளத் துறைக்கு வரும் புகார்களோடு ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் வருகிறது. அதன் கடைசி வரியில் ஒரு மஞ்சள் முகம் சிரித்துக்கொண்டிருக்கிறது. இந்த மாதமும் ஒன்று வந்தது. சம்பந்தப்பட்ட சூப்பர்வைசரின் விளக்கமும் வழக்கமானதே: "சார், ஸ்மைலி போட்டுத்தானே சொன்னேன்?"

போட்டீர்கள். என்ன எழுதிவிட்டுப் போட்டீர்கள்?

"மூணாவது தடவையா ஸ்க்ரூ லூஸ். வேலைக்கு வர்றீங்களா, டைம் பாஸுக்கு வர்றீங்களா? 🙂"

இது போனது நாற்பது பேர் இருக்கும் குரூப்பில். வாசிப்பவர் முதலில் வார்த்தையைத்தான் வாசிக்கிறார். அது சுட்டபிறகுதான் சிரிப்பு கண்ணில் படுகிறது. சுட்ட இடத்தில் சிரிப்பைப் பார்த்தால் யாருக்காவது ஆறுதலாக இருக்குமா? நக்கல் என்றுதான் தோன்றும். எமோஜி வார்த்தையின் குணத்தை மாற்றாது, இருக்கும் குணத்தைக் கூட்டும். அன்பாகச் சொன்னதை இன்னும் அன்பாக்கும், குத்தலாகச் சொன்னதை இன்னும் குத்தலாக்கும். அதிலும் இந்த லேசான சிரிப்பு இருக்கிறதே, நாற்பதைத் தாண்டியவர்கள் இதை மரியாதைக்குப் போடுகிறார்கள். இருபதுகளில் இருக்கும் பலர் இதை "உன்னை நான் பார்த்துக்கிறேன்" என்று வாசிக்கிறார்கள். நம் சூப்பர்வைசர்கள் எந்த வயது, ஆபரேட்டர்கள் எந்த வயது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. "அப்ப ரெண்டு ஸ்மைலி போடட்டுமா?" என்று பயிற்சி வகுப்பில் கேட்கிறார்கள். வேண்டாம். மூன்றும் வேண்டாம். கண்ணீர் வரச் சிரிக்கும் 😂 வேண்டவே வேண்டாம். அது அடுத்தவர் தப்பை ஊர் கூடிச் சிரிப்பது.

அனுப்பும் முன் எமோஜியை மட்டும் அழித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். அந்த வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேரே, அவர் வீட்டுக்காரர்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்வீர்களா? மாட்டீர்கள் என்றால் வாக்கியத்தை மாற்றுங்கள்:

"தம்பி, நேத்து நைட் ஷிப்ட்ல ஸ்டேஷன் 4-ல 6 பீஸ் ஸ்க்ரூ லூஸ். ஸ்க்ரூடிரைவர் செட்டிங்கைப் பாத்துட்டு 10 மணிக்குள்ள சொல்லுங்க."

எங்கே, எத்தனை, என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள். எமோஜிக்கு இதில் இடமில்லை. அனுப்புவதும் குரூப்பில் அல்ல, தனி சாட்டில். தமிழ் வாசிக்க வராதவர் என்றால் இருபது வினாடி வாய்ஸ் மெசேஜ் போதும். "அன்னா" என்று கூப்பிட்டு அவருக்குப் புரிகிற அளவு தெலுங்கில் சொன்னால், எந்தப் பொம்மையும் செய்யாததை அந்தக் குரல் செய்யும்.

பாராட்டுக்குத் தாராளமாகப் போடுங்கள், அதுவும் குரூப்பிலேயே. வெறும் 👏 மட்டும் விட்டால் எதற்கென்று தெரியாது. "கடைசி 50 பீஸ் நானே பாத்தேன், ஒண்ணுகூட லூஸ் இல்ல 👏" என்றால் கைதட்டலுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

அடுத்த தலைவலி கட்டைவிரல். 👍 என்றால் பார்த்தேனா, ஒப்புக்கொண்டேனா, முடித்துவிட்டேனா? கனடாவில் ஆளி விதை ஒப்பந்தத்தின் படத்துக்கு ஒரு விவசாயி போட்ட கட்டைவிரலை, 2023-ல் சஸ்காட்செவன் நீதிமன்றம் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டது. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. இங்கே, அதிகாரி ஒருவர் கொலையான செய்திக்குக் கட்டைவிரல் போட்ட ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அது 'ஓகே' என்பதற்கு மாற்று, பார்த்துவிட்டேன் என்று மட்டுமே பொருள், கொலையைக் கொண்டாடியதாகாது என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. நீதிபதிகளே சூழலைப் பார்த்துத்தான் பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் நைட் ஷிப்ட் லீடர் அரைத்தூக்கத்தில் எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆகவே குரூப் விவரத்திலேயே எழுதி வையுங்கள்: 👍 என்றால் பார்த்தேன், ✅ என்றால் முடித்தேன். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எழுத்தில் சொல்லவும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மெசேஜை அழுத்திப் பிடித்துப் போடும் ரியாக்ஷனுக்கான நோட்டிஃபிகேஷன், அந்த மெசேஜை எழுதியவருக்கு மட்டும்தான் போகும். க்யூ.சி. (தரச் சோதனைப் பிரிவு) போட்ட மெசேஜுக்கு நீங்கள் விட்ட ✅, அடுத்த ஷிப்ட் லீடரின் போனில் சத்தமே போடாது. போட்டதை எப்போது வேண்டுமானாலும் எடுத்தும்விடலாம். ஷிப்ட் மாற்றத்தில் ரியாக்ஷனை நம்பாதீர்கள். ஸ்டேஷன், செட்டிங், நேரம் மூன்றையும் தட்டச்சு செய்து அனுப்புங்கள்.

திட்டு வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூச்சத்தை மறைக்க 😂 போடாதீர்கள், மேலே இருப்பவர் அலட்சியம் என்றுதான் எடுத்துக்கொள்வார். 🙏 மட்டும் போட்டால் நன்றியா, மன்னிப்பா, "ஆளை விடுங்க"வா என்று தெரியாது. "சரி சார், செட்டிங் மாத்திட்டுச் சொல்றேன் 🙏" என்று எழுத அரை நிமிடம் ஆகுமா? மேலதிகாரி ஒற்றைச் சிரிப்பு அனுப்பினார் என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடப்பவர்களும் உண்டு. தயவுசெய்து கேட்டுவிடுங்கள்: "சார், ஓகேன்னு எடுத்துக்கலாமா?" பாதிப் பேர் பட்டனைத் தவறி அழுத்தியிருப்பார்கள். மூக்கில் குமிழி விடும் 😪 முகத்தை அழுகை என்று நினைத்து வருத்தம் தெரிவிக்கப் போடுகிறார்கள். ஜப்பானியப் படக்கதைகளில் அது தூக்கத்துக்கான அடையாளம்!

கீழே வேலை செய்யும் பெண்ணின் "ரிப்போர்ட் அனுப்பிட்டேன் சார்" என்ற மெசேஜுக்கு ❤️, 😘 விடும் ஆண்களே, அதைப் பாராட்டு என்று எந்தக் கமிட்டி முன்னாலும் நிரூபிக்க முடியாது. 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம், விரும்பப்படாத, பாலியல் தன்மையுள்ள, வார்த்தையல்லாத நடத்தையையும் சேர்த்தே சொல்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். "நன்றிம்மா" போதும்.

மெமோ, அப்ரைசல், லீவு மறுப்பு இவற்றில் ஒரு எமோஜியும் வேண்டாம். நாளைக்கு விசாரணையில் அந்த மெசேஜைப் பிரின்ட் எடுத்து வைக்கும்போது, அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று உங்களைத்தான் கேட்பார்கள்.