தலைவலி எத்தனை நாளைத் தின்றது? மருத்துவரிடம் சொல்ல வேண்டிய கணக்கு

“அப்பப்ப வரும் டாக்டர். வந்தா தாங்க முடியல.”

ஒற்றைத் தலைவலியோடு வருகிற பலர் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வெளியே வரிசை நிற்கிறது. மருத்துவரும் ஒரு வலி மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுகிறார். அந்த ‘அப்பப்ப’ மாதத்தில் இரண்டு நாளா, பன்னிரண்டு நாளா என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறும். இரண்டு நாள் என்றால் வலி வந்ததும் போடும் மாத்திரையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் போதும். பன்னிரண்டு நாள் என்றால் வலி வராமல் தடுக்கும் மாத்திரையைத் தினமும் எடுக்க வேண்டியிருக்கும்.

நீலகிரியில் இந்தக் கணக்கு தவறிப்போவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. “தலைவலியால வேலைக்குப் போகாம இருந்தீங்களா?” என்று கேட்டால், தேயிலைக் கொழுந்து பறிக்கிற அம்மா “இல்லை” என்பார். உண்மைதான். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை, அதனால் தலையில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். கேரட் பிடுங்குகிறவரும், விடுதிச் சமையல்காரரும், ஊட்டி சீசனில் ஒரு நாள்கூடக் கடையை மூட முடியாதவரும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். அந்த ஒரு “இல்லை”யை வைத்துக்கொண்டு பாதிப்பு குறைவு என்று எழுதிவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற பிழை.

இதைச் சரிசெய்ய மைடாஸ் என்ற ஐந்து கேள்விப் படிவம் உதவும். ஐந்தும் கடந்த மூன்று மாதத்தைப் பற்றியவை, ஐந்துக்கும் பதில் நாள் எண்ணிக்கைதான். முதல் கேள்வி, தலைவலியால் வேலைக்கோ படிப்புக்கோ போகாத நாட்கள். இரண்டாவது, போயும் பாதி வேலையோ அதற்கும் குறைவாகவோ செய்த நாட்கள். மூன்றாவது, வீட்டு வேலை செய்யவே முடியாமல் போன நாட்கள். நான்காவது, வீட்டு வேலை பாதியாகக் குறைந்த நாட்கள். ஐந்தாவது, குடும்ப நிகழ்ச்சி, கோயில், விசேஷம், வெளியே போவது என்று தவறவிட்ட நாட்கள். ஐந்தையும் கூட்டினால் மதிப்பெண். 0 முதல் 5 வரை பாதிப்பு இல்லை அல்லது மிகக் குறைவு. 6 முதல் 10 லேசானது. 11 முதல் 20 நடுத்தரம். 21-ம் அதற்கு மேலும் கடுமையானது.

முதல் கேள்வியில் எண்ணிய நாளை இரண்டாவதில் மறுபடி எண்ணக் கூடாது. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இதே விதி. ஆனால் ஒரே நாளில் தோட்ட வேலையும் கெட்டு, சமையலும் கெட்டிருந்தால் இரண்டு பக்கமும் எண்ணலாம், எண்ணத்தான் வேண்டும். பலர் “அது ஒரே நாள்தானே” என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, எண்ண வேண்டியது நாட்களை. எத்தனை தடவை வந்தது என்பதை அல்ல. ஞாயிறு இரவு தொடங்கி புதன் காலை விட்ட வலி ஒரு தடவைதான். ஆனால் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் வேலை பாதியாகியிருந்தால் அது இரண்டு நாள். மருந்து போடாத ஒற்றைத் தலைவலி 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கக் கூடியது என்பதால், தடவைக் கணக்கு ஏமாற்றிவிடும்.

‘பாதி வேலை’ என்பதை எப்படி அளப்பது? மலையில் இதற்கு நல்ல வழி இருக்கிறது: கொழுந்து எடை. வழக்கமாக 30 கிலோ பறிக்கிறவர் அன்று 14 கிலோ போட்டிருந்தால் அது இரண்டாவது கேள்வியின் நாள். எடைச் சீட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம், நினைவைக் கசக்க வேண்டியதில்லை. மழையாலோ கொழுந்து இல்லாததாலோ குறைந்த நாளைக் கழித்துவிட வேண்டும். எடை இல்லாத வேலைகளில், மதியத்தோடு வீட்டுக்கு வந்த அரை நாளையும், பக்கத்தில் இருந்தவர் உங்கள் வேலையைச் சேர்த்துச் செய்த நாளையும் எண்ணுங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூன்று மாதத்தில் ஒரு தோட்டத் தொழிலாளி வேலைக்குப் போகாதது 2 நாள், கொழுந்து பாதியான நாள் 9, அடுப்பே பற்ற வைக்காத நாள் 3, சோறு மட்டும் வடித்துவிட்டுப் படுத்த நாள் 10, தவறவிட்ட விசேஷம் 2. கூட்டினால் 26, கடுமையான பாதிப்பு. லீவையும் விசேஷத்தையும் மட்டும் கேட்டிருந்தால் 4. அதாவது ‘ஒன்றுமில்லை’ என்ற வகை. ஒரே ஆள், ஒரே நோய். எதைக் கேட்டோம் என்பதில்தான் வித்தியாசம். பெண்களிடம் மூன்றாவது, நான்காவது கேள்விகளை அவசரப்படாமல் கேட்க வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இதனால்தான். மாமியாரோ கணவரோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்த இரண்டு எண்ணும் சுருங்கிவிடும். தனியாகக் கேளுங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர் கையில் படிவத்தைக் கொடுத்து “நிரப்பிட்டு வாங்க” என்பதும் பயன்படாது. சிஸ்டர் வாசித்துக் காட்டி எழுதிக்கொள்ளலாம். தமிழ் வீட்டு மொழியாக இல்லாத படுகர், பணியர் குடும்பங்களில் அவர்கள் பேச்சிலேயே கேட்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது.

மூன்று மாதத்தை யாராலும் நினைவில் வைத்திருக்க முடியாது. சமையலறையில் தொங்கும் மாதக் காலண்டர் போதும். தலை வலித்த நாளில் ஒரு கோடு. வேலை பாதியானால் அதன் மேல் இன்னொரு கோடு போட்டுப் பெருக்கல் குறியாக்குங்கள். படுத்தே கிடந்த நாளைச் சுற்றி வட்டம். மாத்திரை போட்ட நாளில் ‘மா’. மாதவிலக்கு நாளில் ஒரு புள்ளி. சிலருக்கு அந்த நாட்களை ஒட்டியே வலி வருவது இதில்தான் தெரியவரும். அதற்கு மேல் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தூங்கினேன் என்று எல்லாம் எழுதத் தொடங்கினால் இரண்டாவது வாரத்தில் நின்றுபோகும்.

அந்த ‘மா’ குறியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வலி மாத்திரை அளவு மீறினால் அதுவே தினசரித் தலைவலியைக் கொண்டுவரும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் போன்ற தனி மாத்திரைகள் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ. எர்கோட்டமின், டிரிப்டான் என்ற ஒற்றைத் தலைவலி மாத்திரை வகைகள், காஃபின் கலந்த கூட்டு மாத்திரைகள் 10 நாளோ அதற்கு மேலோ. இப்படி மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் ஆபத்து. இங்கேயும் நாள்தான் கணக்கு: ஒரே நாளில் மூன்று மாத்திரை போட்டாலும் ஒரு நாள். நாள் முழுக்கக் கூடை சுமந்து இடுப்பு வலிக்கும், முழங்கால் வலிக்கும் கடையில் வாங்கிப் போடுகிற மாத்திரையும் இந்தக் கணக்கில் சேரும். “அது தலைவலிக்குப் போட்டதில்லையே” என்று விட்டுவிடுவதால் காரணம் கண்ணில் படாமலே போகிறது. பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையைத் தூக்கி எறியாமல் கொண்டு வாருங்கள்.

மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் ஒன்று. “மாசத்துல எத்தனை நாள் தலை வலிக்குது?” என்று கேட்டால், படுத்துக் கிடந்த நாட்களை மட்டுமே சொல்வார்கள். அதற்கு அடுத்து, “தலையில ஒண்ணுமே இல்லாம தெளிவா இருக்கிற நாள் மாசத்துல எத்தனை?” என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு “நாலு நாள்” என்றவர் இரண்டாவதுக்கு “பத்து நாள் இருக்கும்” என்றால், நடுவில் பதினாறு நாள் காணாமல் போயிருக்கிறது. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் 8 நாளாவது ஒற்றைத் தலைவலியின் குணத்தோடு, மூன்று மாதத்துக்கு மேல் என்றால் அது நாள்பட்ட ஒற்றைத் தலைவலி. அந்தப் பதினாறு நாளில்தான் அது ஒளிந்திருக்கும்.

மைடாஸ் நோயைக் கண்டுபிடிக்கும் படிவம் அல்ல. மலையில் பலருடைய தலைவலி ‘பனி’ என்றும் ‘சைனஸ்’ என்றும் போய்விடுகிறது. வலியோடு குமட்டல், வெளிச்சம் பிடிக்காமை, அன்றைய வேலையைச் செய்ய முடியாமை ஆகிய மூன்றில் இரண்டு இருந்தாலே ஒற்றைத் தலைவலியா என்று பார்க்க வேண்டும். திடீரென்று இடி விழுந்ததுபோல் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி ஆகியவற்றுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு பெட்மைடாஸ் என்று தனிப் படிவம் இருக்கிறது, ஆறு கேள்வி. ஊட்டி, கோத்தகிரி விடுதிப் பள்ளிகளில் பெற்றோருக்கு எதுவும் தெரியாது. வார்டனிடமும் வகுப்பாசிரியரிடமும் கேட்டுத்தான் நாளைச் சேர்க்க முடியும்.

வேலையைக் கெடுக்கும் தலைவலி மாதத்தில் நான்கு நாளுக்குக் குறையாமல் வந்தால் தடுப்பு மாத்திரை பற்றிப் பேச வேண்டிய நேரம். ஆஸ்துமா இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், ப்ரோப்ரனலால் என்ற தடுப்பு மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உள்ளவர்கள் அதையும் சொல்ல வேண்டும், வால்ப்ரோயேட், டோபிராமேட் என்ற தடுப்பு மாத்திரைகள் இரண்டும் கருவைப் பாதிக்கும். தடுப்பு மாத்திரை இரண்டு வாரத்தில் வேலை செய்யாது. சரியான அளவை எட்டிய பிறகு இரண்டு மாதமாவது பார்க்க வேண்டும். “போட்டும் வலிக்குது” என்று பத்தாம் நாள் நிறுத்தியவர்கள்தான் எங்கள் மலையில் அதிகம்.

இடையில் நிலைமை அறிய ஹிட்-6 என்ற ஆறு கேள்விப் படிவம் ஏற்றது. 36-லிருந்து 78 வரை மதிப்பெண். 60-ம் அதற்கு மேலும் கடுமை. அதன் சில கேள்விகள் கடந்த நான்கு வாரத்தைத்தான் கேட்கின்றன. மைடாஸை மூன்று மாதம் கழித்து மறுபடி போடுங்கள். முதல் மதிப்பெண் 20-க்கு மேல் இருந்தால் 30 சதவீதமாவது குறைய வேண்டும். 26 என்றால் 18-க்கு வர வேண்டும். 11 முதல் 20 வரை இருந்திருந்தால் 5 குறைந்தாலே முன்னேற்றம்தான்.

குறையவில்லையென்றால் முதலில் ‘மா’ குறிகளை எண்ணுங்கள், பிறகு தடுப்பு மாத்திரையை எத்தனை நாள் விட்டுவிட்டார் என்று கேளுங்கள், அதற்குப் பிறகு மருந்தின் அளவைப் பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் கோவைக்கு நரம்பியல் மருத்துவரிடம் அனுப்பலாம். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் பலருக்கு மலைப்பாதை வளைவுகளே குமட்டலைக் கிளப்பிவிடும். மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் வாந்தி எடுத்து, அங்கே போய்ப் பேசக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். அதனால் கடிதத்தோடு இரண்டு மைடாஸ் மதிப்பெண், மூன்று மாதக் காலண்டர் தாள்கள், இதுவரை போட்ட தடுப்பு மாத்திரைகளின் பெயர், அளவு, எத்தனை வாரம், ஏன் நிறுத்தினார் என்பதையும் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.