வைஃபை கார்டு வாங்குமுன் டிரைவர் எங்கே குடியிருக்கிறது என்று பாருங்கள்

"நேத்து ராத்திரி அப்டேட் போட்டேன் சார், காலையில பார்த்தா வைஃபையே காணோம்." லினக்ஸ் லேப்டாப்களைப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் வாசகம் இது. கடைசியாகச் சொன்னவர் ஓர் ஆராய்ச்சி மாணவி. அன்று பதினொரு மணிக்கு அவருக்கு இணையவழி வாய்மொழித் தேர்வு, கூப்பிட்டபோது மணி ஒன்பதரை. காணாமல்போன டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, மறுபடி நிறுவ இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். கிணற்றில் விழுந்தவனுக்கு எடுத்துப்போட வேண்டிய கயிறும் கிணற்றுக்குள்ளேயே கிடந்த கதை.

அன்றைக்குச் செய்தது எளிய வேலைதான். லேப்டாப்பைத் திரும்பத் தொடக்கி, தொடக்கத்தில் வரும் க்ரப் மெனுவில் முந்தைய கெர்னலை, அதாவது லினக்ஸின் மையநிரலின் பழைய பதிப்பை, தேர்ந்தெடுக்கச் சொன்னேன். வைஃபை வந்துவிட்டது. வராமல் போயிருந்தால் கைபேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து, அதன் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் டெதரிங்கைப் போட்டிருக்கலாம். இந்த இரண்டு வழிகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், என்றைக்காவது உதவும். ஆனால் அந்தக் கார்டை வாங்கியபோதே இந்தக் காலைப்பொழுதையும் சேர்த்துத்தான் அவர் வாங்கியிருந்தார்.

காரணம் இதுதான். விண்டோஸில் டிரைவரைக் கார்டு தயாரித்தவர் தனியாகத் தருவார், நாம் நிறுவுவோம். லினக்ஸில் நல்ல டிரைவர்கள் கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே குடியிருக்கின்றன. கெர்னலின் உட்புறச் செயற்கூறுகள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அப்படி மாற்றுகிறவரே அதைப் பயன்படுத்தும் உள்வீட்டு டிரைவர்கள் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தாக வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. வெளியே இருக்கும் டிரைவரைப் பற்றி யாருக்கும் அந்தக் கடமை இல்லை. அதை டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு ஒவ்வொரு புதுக் கெர்னலுக்கும் மறுபடி கம்பைல் செய்து, அதாவது மூலநிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றி, பார்க்கும். அதற்குத் தேவையான, அந்தக் கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டாலோ, உள்ளே ஏதாவது மாறியிருந்தாலோ கம்பைல் ஆகாது. மாணவிக்கு நடந்தது முதலாவது.

ஆகவே நான் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்ப்பதில்லை, சிப்பின் பெயரைத்தான் தேடுவேன். இப்போது உங்களிடம் இருப்பது என்னவென்று தெரிய, டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற தெரிவோடு (lspci -nnk) இயக்குங்கள். சிப்பின் பெயர், அடையாள எண், பயன்பாட்டில் உள்ள டிரைவர் மூன்றும் தெரியும். எண் 8086 என்று தொடங்கினால் இன்டெல். தாங்கள் முன்பு செய்த 8086 என்ற பழைய ப்ராசஸரின் எண்ணையே தங்கள் அடையாளமாக எடுத்துக்கொண்ட குறும்பு எனக்குப் பிடிக்கும்.

கழற்றி மாற்றக்கூடிய லேப்டாப் என்றால் பெரும்பாலும் இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 போடச் சொல்கிறேன். முன்னதற்குக் கெர்னல் 5.1, பின்னதற்கு 5.10 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் போதும். மீடியாடெக் எம்டி7921க்கு 5.12 முதல் உள்ளேயே டிரைவர் இருக்கிறது. ஏஎம்டி ப்ராசஸர் உள்ள லேப்டாப்களில் ஆர்இசட்616 என்ற பெயரில் வருவதும் மீடியாடெக்கின் எம்டி7922தான், பயப்பட வேண்டாம். ஆனால் எம்டி7902 என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் கூடப்பிறந்தது போலத் தெரியும், ஆனால் நெடுங்காலம் கெர்னலில் அதற்கு டிரைவரே இல்லாமல் இருந்தது. ஓர் எண் பிசகினால் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ரியல்டெக்கைப் பற்றி முன்பு கடுமையாகப் பேசுவேன், இப்போது குறைத்துக்கொண்டேன். ஆர்டிடபிள்யூ88, ஆர்டிடபிள்யூ89 டிரைவர்கள் கெர்னலுக்குள் வந்தபின் நிலைமை தேவலை. ஆர்டிஎல்8852பிஇ வேலை செய்ய 6.2 வேண்டும் என்பதால், பழைய கெர்னலோடு வரும் நீண்டகால ஆதரவு லினக்ஸ் பதிப்பை வைத்திருப்பவர்கள்தான் அவதிப்படுகிறார்கள். பிராட்காமில் பிசிஎம்43142 போன்ற சிப்புகளுக்கு மூலநிரல் முழுதும் வெளியிடப்படாத வெளி டிரைவரே கதி. அதை நான் யாருக்கும் வாங்கித் தர மாட்டேன். மிகப் பழைய லேப்டாப் என்றால் ஏத்9கே டிரைவரில் ஓடும் ஏதெரோஸ் கார்டு இன்னும் சுகம். நான்காம் தலைமுறை வைஃபைதான், ஆனால் தனி ஃபர்ம்வேர் கோப்புகூடக் கேட்காது.

அந்த ஃபர்ம்வேரைப் பற்றி ஒரு சொல். மற்ற கார்டுகள் பெரும்பாலும் உயிர்பெறும்போது சிப்புக்குள் ஏற்ற ஒரு கோப்பைக் கேட்கும். டிரைவர் சரியாக இருந்தும் வைஃபை எழவில்லை என்றால், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் (dmesg) பதிவில் கோப்பு கிடைக்கவில்லை என்று புலம்பியிருக்கிறதா என்று பாருங்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகை 2023இல் வெளியிட்ட 12ஆம் பதிப்பிலிருந்து நிறுவல் வட்டிலேயே இந்தக் கோப்புகளைச் சேர்த்துவிட்டது. அதற்கு முன் நிறுவியவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும்.

பணம் வீணாவதை நான் அதிகம் பார்ப்பது ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 கார்டுகளில். இவையும் 22க்கு 30 மில்லிமீட்டர் எம்.2 கார்டுகள்தாம், ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் இவை முழுக் கார்டுகள் அல்ல. வேலையில் பாதி லேப்டாப் போர்டில் உள்ள இன்டெல் சிப்செட்டுக்குள் இருக்கிறது, சிஎன்விஐ (CNVi) என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். அந்த மறுபாதி இல்லாத ஏஎம்டி லேப்டாப்பிலோ பழைய இன்டெல் லேப்டாப்பிலோ போட்டால் எல்எஸ்பிசிஐ பட்டியலில் பெயர்கூட வராது. டிரைவரைக் குடைந்துகொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. ஏழாம் தலைமுறை வைஃபையான இன்டெல் பிஇ200 சிஎன்விஐ கார்டு இல்லை, ஆனாலும் பல ஏஎம்டி லேப்டாப்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

திறக்குமுன் இன்னும் இரண்டு. சில மெல்லிய லேப்டாப்களில் வைஃபை சிப் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், மாற்றவே முடியாது. சில பழைய மாடல்களில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல், லேப்டாப்பைத் தொடக்கும் நிரலான பயாஸில் இருக்கும், வேறு கார்டைக் கண்டால் லேப்டாப் தொடங்கவே மறுக்கும். ஆன்டெனா கம்பிகளின் முனைகள் மிகச் சிறியவை. நேர் மேலிருந்து நகத்தால் அழுத்துங்கள், சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். சிக்னல் வலுவில்லை என்று வரும் கார்டுகளில் சிலவற்றில் கம்பி கழன்றே கிடக்கும்.

யூஎஸ்பி அடாப்டர் வாங்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். ஒரே மாடல் பெயரில் முதல் பதிப்பில் ஒரு சிப், அடுத்த பதிப்பில் இன்னொன்று என்று மாற்றிவிடுவார்கள். பெட்டியின் மூலையில் உள்ள பதிப்பு எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள். எம்டி7612யூ சிப் உள்ளதாகக் கிடைத்தால் நல்லது.

இன்டெலிலும் குறை இல்லாமலில்லை. லேப்டாப்பையே 5 கிகாஹெர்ட்ஸ் ஹாட்ஸ்பாட்டாக ஆக்க நினைப்பவர்களுக்கு அது ஒத்துழைக்காது. விண்டோஸும் லினக்ஸும் ஒரே லேப்டாப்பில் இருந்தால், விண்டோஸின் வேகத் தொடக்கத்தை அணைத்துவிடுங்கள். அது கார்டை அரைத்தூக்கத்தில் விட்டுப்போவதால் லினக்ஸில் கார்டு எழாமல் கிடக்கும். கார்டு பழுது என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் சிலருக்கு இந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறேன்.

மாணவியின் லேப்டாப்பில் தேர்வு முடிந்த வாரம் ஏஎக்ஸ்210 போட்டோம். வைஃபை வந்தவுடன் மூடிக் கொடுத்துவிடுவதில்லை. மூடியைச் சாத்தித் தூங்கவைத்து எழுப்பி, திரும்பவும் தூங்கவைத்து எழுப்பி, மூன்று முறை பார்ப்பேன். ப்ளூடூத் உள்ளுக்குள் யூஎஸ்பி வழியாகத் தனியே வருவதால் அதையும் தனியாகச் சோதிப்பேன். பிறகு அப்டேட் போட்டு, புதுக் கெர்னலில் ஒரு தடவை ஏறிப் பார்த்த பின்தான் திருகாணிகளை முடுக்குவேன்.