'ஓவர்ஸ்டே ஆயிடுச்சு, இனி என்ன வேலை பார்க்கலாம்?'

"அண்ணே, தண்டனை முடிஞ்சதும் அதே கடையில சேர்ந்துக்கலாமா?"

போன வாரம் நீதிமன்ற லாக்கப்பில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒரு தம்பி என்னிடம் கேட்டது இது. வயது 23, சிவகங்கைப் பக்கம். மலேசியாவில், கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஏழு மாதம் தட்டுக் கழுவியிருக்கிறான். வந்தது விசா இல்லாமல் நுழையும் 30 நாள் சலுகையில். அந்தக் கெடு தாண்டியும் தங்கிவிட்டான்; அதுதான் ஓவர்ஸ்டே. இந்த வருஷம் இது எத்தனையாவது தம்பி என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன்.

தண்டனை முடிந்தால் போவது கடைக்கு இல்லையப்பா, குடிநுழைவுத் தடுப்பு முகாமுக்கு. செமினியோ, புக்கிட் ஜாலிலோ, லெங்கெங்கோ, எங்கே இடமிருக்கிறதோ அங்கே. அங்கிருந்து நேரே விமான நிலையம்.

வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது கேட்கிறீர்கள்: "சார், ஓவர்ஸ்டே ஆயிட்டேன், என்ன வேலை பார்க்கலாம்?" ஒரு வேலையும் பார்க்க முடியாது. பார்ட்-டைம் கிடையாது. மாமா கடையில் கூடமாட ஒத்தாசை கிடையாது. வேறொருவர் பெயரில் சாப்பாடு டெலிவரி கிடையாது. சம்பளம் வாங்கவில்லை, சோறு மட்டும்தான் என்றாலும் நீங்கள் நினைப்பதுபோல் தப்பிக்க முடியாது.

இப்போது எனக்கு ரத்தக் கொதிப்பை ஏற்றும் அந்த ஒரு வாக்கியத்துக்கு வருகிறேன்: "உள்ளே போயிட்டா போதும், பெர்மிட் அடிச்சுக்கலாம்." பெர்மிட் என்றால் வேலை அனுமதி.

இந்த வாக்கியத்தை ஏஜென்ட் சும்மா இட்டுக்கட்டவில்லை. பாதி உண்மை இருப்பதால்தான் நம்புகிறீர்கள். 2011-இல் 6பி என்று ஒரு திட்டம் வந்தது. 2016-இல் ரீஹயரிங். 2020 கடைசியில் ஆர்.டி.கே, 2023-இல் அதன் இரண்டாம் கட்டம். ஆவணம் இல்லாமல் இருந்தவர்களில் தகுதியானவர்களை முதலாளி மூலம் பதிந்து சட்டபூர்வமாக்கிய திட்டங்கள் இவை. உங்கள் ஊர்க்காரர் ஒருவர் அப்படிப் பெர்மிட் வாங்கி, சம்பாதித்து, வீடு கட்டியிருப்பார். அந்த வீட்டைப் பார்த்துத்தான் நீங்கள் கிளம்புகிறீர்கள். ஆனால் அரசு திறந்தது, அரசே மூடியது. அடுத்தது எப்போது, எந்தத் துறைக்கு, யாருக்கு என்று ஏஜென்டுக்கு முன்கூட்டியே தெரியாது. திறந்திருந்த காலத்திலேயே பணத்தைக் கட்டி, போலி ரசீதோடு என்னிடம் வந்தவர்கள் நிறைய. (அந்த ரசீதுகளை ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். சிலதில் முத்திரையிலேயே எழுத்துப் பிழை.)

சுற்றுலாப் பயணியாக நுழைந்தவரின் பாஸை (தங்கும் அனுமதியை) இங்கேயே வைத்துத் தட்டுக் கழுவும் வேலைக்குப் பெர்மிட்டாக மாற்றிக்கொள்ளும் வழி வழக்கமான நடைமுறையில் இல்லை. முறையான பாதை தலைகீழ்: முதலாளி வெளிநாட்டு ஆட்களை வைக்கக் கோட்டா வாங்கி, உங்கள் பெயருக்கு வி.டி.ஆர் எனும் நுழைவு அனுமதி எடுப்பார். அதுவரை நீங்கள் ஊரில் இருப்பீர்கள். மருத்துவப் பரிசோதனை முடித்து அந்த விசாவில் வருவீர்கள். இங்கே ஃபோமேமா எனும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறிய பிறகுதான் பெர்மிட். முதலில் பறந்துவிட்டு அப்புறம் காகிதம் என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது விமான டிக்கெட்டை மட்டும்தான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 30 நாளுக்குள் வேலை பார்த்தாலே பாஸ் நிபந்தனையை மீறிய குற்றம். 31-ஆம் நாளிலிருந்து குடிநுழைவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு: 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தியாவில்போல 24 மணி நேரத்தில் நீதிபதி முன் நிறுத்துவார்கள் என்று எண்ணாதீர்கள். குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவருக்கு அரசியலமைப்பே 14 நாள் அவகாசம் கொடுத்திருக்கிறது. அந்த 14 நாளும் வீட்டுக்குத் தகவலே போகாமல் கழிந்த வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். சட்டவிரோதமாக ஆளை வைத்த முதலாளிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. அதனால்தான் ரெய்டு என்றதும் அவர் உங்களைப் பின்கதவால் ஓடச் சொல்கிறார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சம்பளம் தரவில்லையா? லேபர் ஆபிஸில் புகார் கொடுக்கலாம். ஆனால் வழக்கு நடக்கும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் வேண்டும், மாதம் 100 ரிங்கிட், அந்தப் பாஸில் வேலை செய்யக் கூடாது. எதைச் சாப்பிட்டு வழக்கு நடத்துவது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

சரி, ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் கேளுங்கள். பிடிபடுவதற்கு முன் தாங்களாகவே போய் நிற்பவர்களுக்கு அவ்வப்போது அரசு வழி விடுகிறது. 2024-இல் தாயகம் திரும்பும் திட்டம் நடந்தது, 2025 மே 19-இல் இரண்டாம் கட்டம் தொடங்கியது. கெடு தாண்டியவருக்கு 500 ரிங்கிட் கட்டணத்தோடு, வழக்கில்லாமல் ஊர் திரும்பும் வாய்ப்பு அதில் இருந்தது. நீதிமன்றம் போனால் 10,000, அந்தத் திட்டத்தில் 500; கணக்கு நீங்களே போடுங்கள். இப்போது அப்படி ஏதும் திறந்திருக்கிறதா என்று குடிநுழைவு அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள், இடைத்தரகர் வேண்டாம். பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறதா? அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்துவைப்பதே இங்கே குற்றம். தொலைந்துவிட்டதா? போலீஸ் புகாரோடு இந்தியத் தூதரகத்துக்குப் போய் அவசரச் சான்று கேளுங்கள்.

ஊரிலிருந்து இன்னும் கிளம்பாதவர்கள்: ஏஜென்டுக்கு அரசு உரிமம் இருக்கிறதா என்று இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். உரிமம் உள்ளவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். பத்தாவது முடிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்கு மலேசியா வேலைக்குக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். "கேட்டால் டூரிஸ்ட்னு சொல்லு" என்று ஒருவர் சொல்லிக்கொடுத்தால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள், தயவுசெய்து.

அந்தத் தம்பியின் அம்மாவுக்கு டிக்கெட் காசு கேட்டுப் போன் போட்டேன். டிக்கெட் இல்லாததாலேயே முகாமில் நாள் நீண்டுபோகிறவர்கள் உண்டு. ஏஜென்டுக்குக் கொடுத்தது 1.30 லட்சமாம். "பெரியவன் அவசரப்பட்டுட்டான்னு ஏஜென்ட் சொல்றாருங்க சார். சின்னவனுக்கும் அவர்கிட்டதான் முன்பணம் கட்டியிருக்கேன்" என்றார்.

காலையிலேயே போய் அதைத் திருப்பி வாங்குங்கம்மா என்றேன்.