துளைப்பதா, விரிப்பதா?

கணினிக் கருவிகளைத் தமிழாக்குபவர்கள், கூட்டுக்கணக்கை உட்பிரிவுகளாகப் பிரித்துக் காட்டும் 'டிரில் டவுன்' என்றாலே 'துளையிடு' என்று எழுதிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்க் கொள்முதல் கணக்குக்காகக் கொடுத்த ஒரு டாஷ்போர்டு (கணக்கை வரைபடமாகக் காட்டும் திரை) கையேட்டில், 'ஊத்தங்கரை மீது கீழ்நோக்கித் துளையிடவும்' என்றே அச்சாகியிருக்கிறது. ஊத்தங்கரை என்ன பாவம் செய்தது?

பொருள் எளிதுதான். பட்டை வரைபடத்தில் மாவட்டத்தின் பட்டையைத் தொட்டால் வட்டங்கள் வரும். வட்டத்தைத் தொட்டால் பிர்கா, அப்புறம் கிராமம். 'டிரில்' டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்; துளைப்பது, சுழற்றுவது என்று பொருள். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டருக்கும் அதே வேர்தான். அதற்காக அவரைத் துளை ஆசிரியர் என்கிறோமா?

எங்கள் பக்கம் துளை என்றால் போர்வெல்தான். பாறையில் ஓரிடத்தில் இறக்குவார்கள். ஆயிரம் அடி போயும் புகைதான் வந்தது என்று புலம்புவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் செய்கிற காரியம் அது. வரைபடத்திலோ உள்ளே இருப்பதைத்தான் ஏற்கெனவே கூட்டி மேலே காட்டியிருக்கிறது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் முன்பிருந்த கணக்கில் தருமபுரியைத் தொட்டால் ஓசூரும் சேர்ந்து வரும். கூட்டி வைத்ததைப் பிரித்துக் காட்டுவதற்குத் துளை எதற்கு?

'ஆழ்ந்தாய்வு' என்று இன்னொரு சாரார். ஆழ்ந்து ஆராய்வது மனிதன் வேலை, பொத்தான் வேலை அல்ல.

சொல் நம்மிடமே இருக்கிறது: விரித்தல். அதற்கு மறுதலை தொகுத்தல். பிரித்ததை மறுபடி கூட்டிக் காட்டும் 'ரோல் அப்' என்பதற்குத் தொகுத்தலே போதும். நூல் செய்யும் வகைகளைச் சொல்லும்போது தொல்காப்பிய மரபியலும் நன்னூலும் 'தொகுத்தல் விரித்தல் தொகைவிரி' என்று இந்த இரண்டையும் சேர்த்தே வைக்கின்றன. அடுத்தபடியாக அதே நூற்பாவில் வருவது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பாளர்கள் அந்த ஒரு வரியையாவது படித்திருக்கலாம்.

விரி என்றால் 'எக்ஸ்பேண்ட்' ஆகிவிடாதா என்று கேட்பார்கள். பவர் பிஐ போன்ற டாஷ்போர்டு கருவிகளில் இரண்டும் தனித்தனி அம்புக்குறிகள், உண்மைதான். தொட்ட ஒன்றை மட்டும் பிரிப்பதற்கு 'இதை விரி', எல்லாவற்றையும் ஒரு படி பிரிப்பதற்கு 'எல்லாம் விரி'. குழப்பம் தீர்ந்தது. 'டிரில் த்ரூ' வேறு. பல கருவிகளில் அது கூட்டுத்தொகையின் பின்னால் இருக்கும் பதிவுகளுக்கே கூட்டிப் போகும். அதற்கு 'மூலப்பதிவு காட்டு'.

திரையைப் பார்க்காமல், எக்செல் தாளில் வரும் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தால் துளைதான் விழும். மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தப் பட்டியலைத் தவிர வேறெதையும் அனுப்பாதவர்கள் மேலும் தப்பு இருக்கிறது. இப்போது சில கருவிகளில் பொத்தானே வேண்டாம், கேள்வியைத் தட்டச்சு செய்தால் போதும். 'போச்சம்பள்ளியை கிராமவாரியாப் பிரிச்சுக் காட்டு' என்று யாரும் கேட்பார்கள். 'போச்சம்பள்ளியைத் துளை' என்று கேட்கிற ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை.