பட்டை ஓடுகிறது, ஆனால் நீண்டது எது?

பாம்பன் புதுப் பாலத்தின் நடுவே மேலே தூக்குகிற பகுதி 72.5 மீட்டர். எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு 12 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளும், அதனால் விடியலுக்கும் உச்சிவெயிலுக்கும் எஃகில் 20 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் 17 மில்லிமீட்டர் வரும். டேப் போட்டே பார்த்துவிடலாமே என்பீர்கள். டேப்பும் எஃகுதானே, அதே வெயிலில் அதுவும் சேர்ந்து நீளும்!

சூட்டில் எவ்வளவு நீளும் என்று அளக்க என் மேசைக்கு வருவதெல்லாம் உள்ளங்கை அளவுத் துண்டுகள். அங்கே அளவுகோல் ஒளி. சிவப்பு ஹீலியம்-நியான் லேசரை இரண்டாகப் பிரித்து, ஒன்றை அசையாத கண்ணாடிக்கும் மற்றதைத் துண்டின் நுனியில் ஒட்டிய கண்ணாடிக்கும் அனுப்பித் திரும்பச் சேர்த்தால் திரையில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டைகள் விழும். நுனி 0.316 மைக்ரான், அதாவது அரை அலைநீளம் நகர்ந்தால் ஒரு பட்டை கடக்கும். பத்து சென்டிமீட்டர் அலுமினியத்துக்கு ஒரு டிகிரிக்கு ஏழு பட்டை.

மண்டபம் பக்கம் ஃபைபர் ஐஸ் பெட்டி செய்கிற அண்ணன் ஒருவர், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு ரிவெட் அடித்த மூடித் துண்டைக் கொண்டுவந்தார். ஓட்டை ஓரமாகவே விரிசல். "ரெசினு மட்டமா தம்பி?" என்றார், ஃபைபர் இழைகளைப் பிடித்து வைக்கும் பிசினைத்தான் சொல்கிறார். ஹீட்டரைப் போட்டேன், பட்டைகள் சரசரவென்று ஓடின, எண்ணிப் பார்த்தால் அளவுக்கு மீறி நீளுவது போலிருந்தது, ஆமாம் என்றேன். அவரும் ரெசினை மாற்றினார்.

ஒரு வாரம் கழித்துத்தான் புத்தி வந்தது: மூடித் துண்டு இருந்த இடத்தில் இன்வார் துண்டை, அதாவது சூட்டில் கிட்டத்தட்ட நீளாத இரும்பு-நிக்கல் கலவையை, வைத்துப் பார்த்தேன். அதற்கு டிகிரிக்கு அரைப் பட்டைகூட நகரக் கூடாது. ஆனால் பட்டைகள் அப்போதும் ஓடின. ஹீட்டரிலிருந்து எழுந்த சூடான காற்று! ஒளி போய்வரும் ஒரு மீட்டர் பாதையில் காற்று ஒரு டிகிரி சூடானாலே மூன்று பட்டை தள்ளிவிடும். போதாததற்குத் தலைக்கு மேல் ஃபேன் வேறு.

அப்புறம் பாதை முழுக்க அட்டைக் குழாய் போட்டு மூடி, ஃபேனை நிறுத்தி, துண்டை ராத்திரி முழுக்க அறையிலேயே விட்டு அளந்தால், ரெசினில் ஒரு குறையும் இல்லை. சரி, விரிசல் எதனால்? லேசர் பட்ட பரப்பில் தெரியும் புள்ளிக்கோலத்தைப் படமெடுக்கும் ஸ்பெக்கிள் முறைக்குப் போனேன், அதில் கண்ணாடி ஒட்டத் தேவையில்லை, சொரசொரப்பான பரப்பே போதும்; சூடாக்கும் முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் கழித்துப் பார்த்தால், ரிவெட்டைச் சுற்றி மட்டும் பட்டைகள் மயிரிழையாக நெருங்கிக் கிடந்தன. எஸ்எஸ் தகட்டைவிட ஃபைபர் அதிகம் நீளும், இறுக்கி அடித்த ரிவெட் அதை விடவில்லை. ஓட்டையை நீள்வட்டமாக்கி, லூசாகப் போல்ட் போடச் சொன்னேன். விரிசல் நின்றது.

தேவையில்லாமல் வாங்கிய ரெசின் டப்பா இரண்டு இன்னும் அவர் ஷெட்டில்தான் இருக்கின்றன. நான் போகும்போதெல்லாம் அதன் மேல்தான் உட்காரச் சொல்கிறார்.