பாம்பைத் தூரமாகக் கொண்டுபோய் விட்டால் என்ன?

அரிசோனாவின் டூசான் நகர ஓரத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் வீட்டுக் கொல்லையில் ராட்டில்ஸ்நேக் ஒன்று வந்து படுத்திருந்தது. பாம்பு பிடிப்பவரை வரவழைத்தோம். மலைப்பக்கம் எங்காவது கொண்டுபோய் விடுவார் என்று பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வறண்ட ஓடையிலேயே விட்டுவிட்டார். கேட்டதற்கு, தூரமாக விட்டால் செத்துப்போகும் என்கிறார். காசையும் வாங்கிக்கொண்டு கதை விடுகிறாரா?"

இல்லை. அவர் சொன்னது உண்மை. அதுவும் ஆராய்ச்சிக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் பாம்புகளின் பின்னால் அலைந்து கண்டுபிடித்த உண்மை.

முதலில் பாம்பு. ராட்டில்ஸ்நேக் என்றால் வாலை ஆட்டிச் சத்தம் எழுப்பும் கிலுகிலுப்பை விரியன். அரிசோனாவில் 13 வகைக் கிலுகிலுப்பை விரியன்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இத்தனை வகை கிடையாது. டூசான், பீனிக்ஸ் பக்கம் வீடுகளுக்குள் எட்டிப்பார்ப்பது பெரும்பாலும் வெஸ்டர்ன் டைமண்ட்பேக். நம் ஊர்க் கண்ணாடி விரியனின் தூரத்து உறவு. வாலில் இருக்கும் வளையங்கள் நம் நகத்தில் உள்ள அதே கெரட்டின். உள்ளே மணியோ கல்லோ இல்லை, வெற்று வளையங்கள் ஒன்றோடொன்று மோதுவதுதான் அந்தச் சத்தம். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் ஒரு வளையம் கூடும். ஓர் ஆண்டில் பல முறை சட்டை உரிக்கும், நுனி அவ்வப்போது உடைந்தும் போகும் என்பதால் வளையத்தை எண்ணி வயது சொல்வதெல்லாம் சும்மா. உடம்பு சூடாக இருக்கும்போது வாலை நொடிக்கு 90 முறை வரை ஆட்டும். 2021-ல் ஆஸ்திரியாவின் கிராஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடித்தார்கள். நாம் நெருங்க நெருங்கப் பாம்பு ஆட்டும் வேகம் மெல்லக் கூடுகிறது, ஒரு கட்டத்தில் திடீரென்று எகிறிவிடுகிறது. கேட்பவருக்குப் பாம்பு உண்மையில் இருப்பதைவிட ரொம்பக் கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. தப்பிக்க அதற்கு ஓர் இடைவெளி கிடைத்துவிடுகிறது, நமக்கும்தான். கடிப்பதற்காக யாரும் இப்படி முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க மாட்டார்கள்.

பிடிப்பது பார்க்கும்போது சர்வசாதாரணமாக இருக்கும். மூடியைத் திருகி அடைக்கும் பெரிய பிளாஸ்டிக் வாளியைப் படுக்கவைத்து, நீளமான கொக்கிக் கம்பியால் பாம்பை வாளியின் வாய்ப்பக்கம் திருப்பிவிடுவார்கள். இருட்டைப் பார்த்ததும் பல சமயம் தானாகவே உள்ளே போய்விடும். இல்லையென்றால் கிடுக்கியால் உடம்பின் நடுப்பகுதியை லேசாகத் தாங்கித் தூக்குவார்கள், அழுத்திப் பிடித்தால் விலா எலும்பு முறியும். கழுத்தை மிதித்துத் தலையைக் கையால் பிடிக்கும் சாகசம் எல்லாம் வீடியோவுக்காகச் செய்வது. சுருண்டிருக்கும் பாம்பு தன் நீளத்தில் பாதி தூரம் வரை பாய்ந்து கொத்தும். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வேலை இல்லை இது.

சரி, விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, பாம்பின் மண்டைக்குள் இருக்கும் வரைபடம்.

ஜூன் மாத டூசானில் வெயில் நேராக விழும் தரை 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாம்பு குளிர் ரத்தப் பிராணி, உடம்புச் சூட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ள வழியில்லை. 40 டிகிரிக்கு மேல் இன்னும் சில டிகிரி ஏறினாலே உயிர் போய்விடும். அப்படிப்பட்ட பாலைவனத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு வாழ்ந்த பாம்பு என்றால் எந்தப் பாறைக்கு அடியில் நிழல், எந்தக் கள்ளிப் புதரில் எலி வளை, மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும், குளிர்காலத்தில் எந்தப் பொந்து உறையாமல் இருக்கும் என்று அத்தனையும் தெரிந்துவைத்திருக்கிறது என்று பொருள். ஆண்டுதோறும் அதே பொந்துக்கே திரும்பிப்போய்க் குளிர்காலத்தைக் கழிக்கும் பாம்புகள் உண்டு. டிம்பர் ராட்டில்ஸ்நேக் என்ற கிழக்கு அமெரிக்கக் காட்டு வகையில், குட்டிகள் பெரிய பாம்புகளின் வாசனைத் தடத்தை மோப்பம் பிடித்தே முதல் குளிர்காலப் பொந்தைக் கண்டுபிடிக்கின்றன.

இந்த அறிவு மூளைக்குள் எங்கே இருக்கிறது? நம் மூளையில் இடங்களை நினைவில் வைக்கும் பகுதி ஹிப்போகாம்பஸ். பாம்பில் அதற்கு இணையானது மீடியல் கார்டெக்ஸ். கலிபோர்னியாவில் ஓர் ஆய்வுக் குழு, சுதந்திரமாகத் திரியும் ராட்டில்ஸ்நேக்குகளைப் பிடித்துச் சில நூறு மீட்டர் தள்ளி விட்டது. மறுபடி பிடித்து மறுபடி தள்ளி விட்டது. ஒவ்வொரு முறையும் அவை வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் மூளையை அளந்து பார்த்தபோது, தொந்தரவு செய்யாமல் விட்ட பாம்புகளைவிட இவற்றின் மீடியல் கார்டெக்ஸ் பெரிதாக இருந்தது. 2012-ல் வெளியான ஆய்வு. வளர்ந்த பாம்பின் மூளை, வழி தேடித் தேடியே பருத்திருக்கிறது! பாம்பு என்றால் ஊரும், கொத்தும், அவ்வளவுதான் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

இப்போது அந்தப் பாம்பை 30 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? பாஷை தெரியாத ஊரில், கையில் காசில்லாமல், நடுராத்திரியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்ட மாதிரிதான். பென்சில்வேனியாவில் டிம்பர் ராட்டில்ஸ்நேக்குகளின் உடலுக்குள் சிறிய ரேடியோ கருவியைப் பொருத்திப் பின்தொடர்ந்தார்கள். 1999-ல் வெளியான முடிவு: தூரத்திலிருந்து கொண்டுவந்து விட்டவற்றில் பாதிக்கு மேல் இறந்துபோயின. அதே காட்டில் பிறந்து வளர்ந்தவற்றில் ஒன்பதில் ஒன்றுதான் இறந்தது. புதிதாக வந்தவை ஓரிடத்தில் நிற்காமல் அலைந்துகொண்டே இருந்தன. அலையும் பாம்பு பருந்தின் கண்ணில் படும், சாலையைக் கடக்கும், குளிர் வரும்போது பொந்து கிடைக்காமல் விறைக்கும். அரிசோனாவின் வெர்டே பள்ளத்தாக்கில் டைமண்ட்பேக்குகளை 2 கிலோமீட்டர் மட்டும் தள்ளி விட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் அலைச்சல் கூடியது, சில பாம்புகள் பழைய இடத்துக்கே திரும்பி வந்தன. அலையும் பாம்பு வேறு யார் வீட்டு வாசலுக்காவது போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் பக்கத்து ஓடை. அதுவும் வெயிலில் கொட்டிவிட்டுப் போகாமல், ஏதாவது வளை வாயிலிலோ பாறை நிழலிலோ விட வேண்டும். தன் வரைபடத்துக்குள்ளேயே இருக்கும் பாம்பு, அங்கிருந்து ஏதாவது தெரிந்த பொந்துக்கு நேராகப் போய்விடும்.

இந்த மாதிரி ஆய்வுகளுக்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். ஓர் ஆன்டெனா, சில ரேடியோ கருவிகள், வெயிலில் நடக்கத் தயாரான இரண்டு மாணவர்கள். ஆனாலும் நிதி கேட்டால் 'பாம்பு எங்கே போகிறது என்று பார்க்க எதற்குப் பணம்' என்ற பதில்தான் எங்கேயும். அதே நாட்டில், டெக்சாஸின் ஸ்வீட்வாட்டர் ஊரில் 1958 முதல் ஆண்டுதோறும் ராட்டில்ஸ்நேக்குகளைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துவந்து கொல்லும் திருவிழா நடக்கிறது. வேடிக்கை பார்க்க டிக்கெட் வாங்கிக் கூட்டம் வருகிறது. எனக்கு அது அசிங்கமாகத்தான் படுகிறது.

"அப்படியானால் அது மறுபடி எங்கள் வீட்டுக்கு வராதா?" என்று கேட்பீர்கள். வரலாம். நீங்கள் பார்க்காத நாட்களிலும் அது அந்த வழியாகப் போய்க்கொண்டுதான் இருந்திருக்கும். அதை இழுப்பது உங்கள் வீடல்ல, எலி. பறவைகளுக்குத் தானியம் தொங்கவிட்டால் கீழே சிந்துவதைத் தின்ன எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். விறகுக் குவியல், சும்மா கிடக்கும் அட்டைப் பெட்டிகள், கராஜ் கதவின் அடியில் இருக்கும் இடுக்கு, இவற்றைக் கவனியுங்கள். வேலியின் அடிப்பகுதியில் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை மண்ணுக்குள் கொஞ்சம் புதைத்து, மேலே மூன்றடி உயரத்துக்கு அடித்தால் பெரும்பாலும் உள்ளே வராது. நாப்தலின் உருண்டை, கந்தகத்தூள், ஊரிலிருந்து அம்மா சொல்லும் பூண்டுத் தண்ணீர் எதுவும் வேலைக்காகாது. நாப்தலின் உங்கள் குழந்தைக்கும் நாய்க்கும்தான் விஷம்.

ஊரிலிருந்து பெற்றோர் வந்து தங்கியிருந்தால் இதை முன்பே சொல்லிவையுங்கள். பாம்பைப் பார்த்தவுடன் கட்டையைத் தேடும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. இந்தியாவில் ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பதால் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் அடிக்கப்போகும்போதுதான் பலர் கடி வாங்குகிறார்கள். வெட்டிய தலைகூடக் கடிக்கும். 2018-ல் டெக்சாஸில் ஒருவர், தான் வெட்டிப்போட்ட ராட்டில்ஸ்நேக்கின் தலையை எடுக்கப்போய் அதனிடமே கடி வாங்கிப் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. பாம்பைப் பார்த்தால் பின்னால் நகர்ந்து, நாயை உள்ளே இழுத்து, தூரத்திலிருந்தே அது போகும் திசையைக் கவனித்துக்கொண்டு, பிடிப்பவரைக் கூப்பிடுவதுதான் வேலை. கடித்துவிட்டால் மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். நம் ஊர் விஷமுறிவு மருந்து நம் ஊர்ப் பாம்புகளுக்கு மட்டும் தயாரானது. ராட்டில்ஸ்நேக்குக்கு உரியது அங்கே ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும்.